எத்தனை மடங்கு என்பது முதல் கேள்வி இல்லை

பிள்ளைக்கு ஒரு நுண்ணோக்கி வாங்கலாம் என்று இணையக் கடைகளில் தேடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் இருப்பது ஒரே ஒரு தகவல்தான்: 1200 மடங்கு, 2000 மடங்கு. நுண்ணுயிரியல் படித்தவர்களிடம் சொந்தக்காரர்கள் கேட்பதும் இதைத்தான். எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும்? கேட்பது இயல்புதான், ஆனால் அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு நுண்ணோக்கியைப் பற்றிப் பெரிதாக எதுவும் சொல்லிவிட முடியாது. ஏன் இத்தனை வகை நுண்ணோக்கிகள், ஒரே ஒரு நல்ல கருவியை எல்லோரும் வைத்துக்கொண்டால் போதாதா என்பதற்கும் அந்த எண்ணில் பதில் இல்லை. என்னைக் கேட்டால் கேட்க வேண்டியவை மூன்று. ஒட்டி ஒட்டி இருக்கும் இரண்டு புள்ளிகளை அது பிரித்துக் காட்டுமா? பின்னணியிலிருந்து பொருளைத் தனியாக எடுத்துக் காட்டுமா? இதற்காக அந்தச் செல்லை நாம் என்ன பாடு படுத்த வேண்டியிருக்கும்? மூன்றாவதைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் முக்கியம்.

முதலாவதில் தொடங்குவோம். 1665இல் லண்டனில் ராபர்ட் ஹூக் தக்கையை மெல்லியதாகச் சீவிப் பார்த்து, அதில் தெரிந்த சின்னச் சின்ன அறைகளுக்கு ‘செல்’ என்று பெயர் வைத்தார். ஒன்றுக்கு மேற்பட்ட லென்ஸ்களை ஒரு குழாயில் அடுக்கிய கருவி அவருடையது. ஆனால் பாக்டீரியாவை முதலில் பார்த்தவர் அவர் இல்லை. நெதர்லாந்தில் டெல்ஃப்ட் ஊரில் துணி வியாபாரம் செய்த லீவன்ஹூக்தான். அவர் கையில் இருந்தது உள்ளங்கையில் அடங்கும் ஓர் உலோகத் தகடு, அதன் நடுவில் கடுகளவு ஒற்றை லென்ஸ், அவ்வளவே. மிளகு ஏன் காரமாக இருக்கிறது என்று கண்டுபிடிக்க நினைத்து மிளகை ஊற வைத்த தண்ணீரைப் பார்த்தவருக்கு, அதில் குட்டிக் குட்டி உயிர்கள் நெளிவது தெரிந்தது. 1676இல் லண்டனில் இருந்த ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்துக்கு எழுதினார், அங்கே நம்பத் தயங்கினார்கள், மறு ஆண்டு ஹூக் தானே சோதித்துப் பார்த்து உண்மைதான் என்று சொன்ன பிறகே ஏற்றுக்கொண்டார்கள். நெதர்லாந்தில் உட்ரெக்ட் நகரில் பாதுகாக்கப்படும் லீவன்ஹூக்கின் கருவி ஒன்று சுமார் 266 மடங்கு பெரிதாக்குகிறது. இன்றைக்குக் கடையில் விற்கும் 1200 மடங்கோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஆனால் அக்காலத்து லென்ஸ்களில் ஓரத்தில் வண்ணக் கசிவு இருக்கும், லென்ஸை அடுக்க அடுக்கக் கசிவும் கூடும். ஒரே லென்ஸை வைத்துக்கொண்டு, அதையும் மிக நேர்த்தியாகச் செய்ததால் அவருக்கு உருவம் கலங்காமல் கிடைத்தது.

இந்தக் கலங்கலுக்கு எவ்வளவு நல்ல லென்ஸ் செய்தாலும் தாண்ட முடியாத ஓர் எல்லை இருக்கிறது. ஈரத் தரையில் கோலம் போட்டவர்களுக்கு இது எளிதாகப் புரியும். மாவைக் கிள்ளிப் புள்ளி வைத்தால் அது வைத்த இடத்தில் மட்டும் நிற்பதில்லை, கொஞ்சம் பரவும். இரண்டு புள்ளிகளைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் இரண்டாகத் தெரியும், ரொம்ப நெருக்கி வைத்தால் ஒரே திட்டாகிவிடும். அந்தத் திட்டைப் படம் எடுத்துச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கினாலும் பெரிய திட்டுதான் கிடைக்கும், இரண்டு புள்ளிகள் திரும்ப வராது. ஒளியும் இப்படித்தான், லென்ஸ் வழியாக வரும்போது ஒவ்வொரு புள்ளியும் பரவுகிறது. ஜெர்மனியின் ஜெனா நகரில் கார்ல் ஸைஸ் பட்டறையோடு சேர்ந்து வேலை செய்த எர்ன்ஸ்ட் அபே 1873இல் இந்தப் பரவலுக்குக் கணக்கு எழுதினார். ஒளியின் அலைநீளத்தை, லென்ஸ் எவ்வளவு அகலமான கோணத்திலிருந்து ஒளியை வாங்குகிறது என்பதைக் குறிக்கும் எண்ணின் இரு மடங்கால் வகுத்தால், பிரித்துப் பார்க்க முடிகிற குறைந்தபட்ச இடைவெளி வந்துவிடும். பச்சை ஒளியின் அலைநீளம் 550 நானோமீட்டர் (ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர்), மிக நல்ல எண்ணெய் லென்ஸுக்கு அந்த எண் 1.4. கணக்குப் போட்டால் ஏறத்தாழ 200 நானோமீட்டர். நம் குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியா இரண்டு மைக்ரான் நீளம், அதாவது 2000 நானோமீட்டர், அதனால் தெரிகிறது. கொரோனா வைரஸ் சுமார் 100, போலியோ வைரஸ் வெறும் 30. இவற்றின் உருவத்தைச் சாதாரண ஒளி நுண்ணோக்கியில் பார்க்க வழியே இல்லை.

எண்ணெய் லென்ஸ் என்றதும் நினைவுக்கு வருகிறது. பொருளுக்குப் பக்கத்தில் இருக்கும் 100 மடங்கு லென்ஸைப் பயன்படுத்தும்போது (கண் வைக்கும் லென்ஸ் அதை வழக்கமாக இன்னும் பத்து மடங்காக்கும்) ஸ்லைடின் மேல் ஒரு சொட்டு எண்ணெய் விடுகிறோமே, அது வழுக்குவதற்காக இல்லை. கண்ணாடியிலிருந்து காற்றுக்கு வரும்போது ஒளிக்கதிர் விலகி ஓடிவிடும். கண்ணாடிக்கும் அந்த எண்ணெய்க்கும் ஒளிவிலகல் எண் கிட்டத்தட்ட ஒன்றே, 1.5 சொச்சம், அதனால் இடையில் எண்ணெய் இருந்தால் விலகி ஓடும் கதிர்களும் லென்ஸுக்குள் வந்து சேரும். லென்ஸின் பக்கவாட்டில் 100/1.25 என்று பொறித்திருப்பார்கள், பார்க்க வேண்டியது இரண்டாவது எண்ணை. அதை ஆயிரத்தால் பெருக்கினால் வருவதுதான் உபயோகமான உருப்பெருக்கத்தின் உச்ச வரம்பு என்பது ஒரு தோராயக் கணக்கு. 1.25 என்றால் 1250 மடங்கு. அதற்கு மேல் பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் அது பெரிய திட்டுதான்.

சரி, பிரித்துக் காட்டுகிறது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த சிக்கல், செல்லுக்கு நிறமே கிடையாது. பெரும்பகுதி தண்ணீர், அது மிதப்பதும் தண்ணீரில். பாயசத்தில் வெந்த ஜவ்வரிசி மாதிரி, இருக்கிறது என்று தெரியும், ஆனால் ஓரம் எங்கே என்று கண்ணுக்குப் பிடிபடாது. கன்னத்தின் உட்புறத்தைச் சுரண்டி எடுத்துச் சாயம் எதுவும் இல்லாமல் ஸ்லைடில் வைத்துப் பாருங்கள், வெள்ளை வெளிச்சத்தில் ஒன்றுமே தெரியாது. ஸ்லைடை வைக்கும் மேடைக்குக் கீழே, வெளிச்சம் வரும் துவாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுக்கினால் சட்டென்று செல்களின் விளிம்பு எழும்பி வரும். ஆனால் அப்படிக் குறுக்கும்போது பிரித்துக் காட்டும் திறனை, பாடநூலில் பகுதிறன் என்று படித்திருப்போமே, அதைக் கொஞ்சம் இழக்கிறோம். எதையும் சும்மா வாங்க முடியாது.

இதற்கு 19ஆம் நூற்றாண்டு கண்டுபிடித்த வழி சாயம். ஜெர்மனியின் துணிச் சாயத் தொழில் அப்போது கொடிகட்டிப் பறந்தது, அந்தச் சாயங்கள் ஆய்வகத்துக்கும் வந்தன. 1884இல் பெர்லினில் வேலை செய்த டென்மார்க்கைச் சேர்ந்த மருத்துவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம், நிமோனியாவில் இறந்தவர்களின் நுரையீரல் திசுவில் பாக்டீரியாவைத் தனியாகக் காட்ட ஒரு முறையை எழுதினார். ஊதாச் சாயம், பிறகு அயோடின், பிறகு ஆல்கஹாலில் கழுவுதல். செல் சுவர் தடிமனாக உள்ள பாக்டீரியாக்கள் ஊதாவைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மெல்லிய சுவர் உள்ளவை ஆல்கஹாலில் நிறத்தை விட்டுவிடும். பின்னால் வந்தவர்கள் கடைசியில் ஒரு சிவப்புச் சாயத்தையும் சேர்த்து, விட்டுவிட்டவற்றை இளஞ்சிவப்பாகக் காட்டினார்கள். சில பாக்டீரியாக்கள் சாயத்தை விட்டுவிடுவது தன் முறையின் குறை என்றே கிராம் நினைத்தார். அந்தக் குறைதான் இன்று அதன் முழுப் பயன். ரத்தத்தில் தொற்று என்று சந்தேகம் வந்தால், கிருமியைக் குப்பியில் வளர்த்துப் பார்க்கும் வளர்ப்புச் சோதனையில் கிருமியின் பெயர் தெரிய ஒன்றிரண்டு நாளாகும். குப்பியில் ஏதோ வளரத் தொடங்கியதும் ஒரு சொட்டு எடுத்துக் கிராம் சாயம் போட்டால், கிருமி ஊதாவா இளஞ்சிவப்பா, உருண்டையா குச்சியா என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும், மருத்துவர் எந்த ஆன்டிபயாடிக்கில் தொடங்கலாம் என்று முடிவு செய்ய அது போதும்.

இங்கே காசநோயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் நுண்ணோக்கி அதிகமாக உழைத்த இடம் அதுதான். காசநோய்க் கிருமியின் சுவரில் மெழுகு போன்ற ஒரு பொருள் இருக்கிறது, சாதாரணச் சாயம் உள்ளே போகாது. 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் கோக் இந்தக் கிருமியைக் காட்டினாரே, அவருடைய வெற்றியில் பாதி சாயம் ஏற்றியதில் இருந்தது. பிறகு பால் எர்லிக், ஸீல், நீல்சன் என்று ஒவ்வொருவராகத் திருத்தி வந்த முறைதான் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. சளியை ஸ்லைடில் தேய்த்துக் காய வைத்து, சிவப்புச் சாயத்தை ஊற்றி ஆவி வரும் வரை கீழிருந்து சூடு காட்டினால் மெழுகைத் தாண்டிச் சாயம் உள்ளே போகும். அப்புறம் 25 சதவீத கந்தக அமிலத்தை ஊற்றினாலும் அந்தக் கிருமி மட்டும் சிவப்பை விடாது. மற்றதெல்லாம் வெளுத்துவிட, அதற்கு நீலச் சாயம். நீலப் பின்னணியில் மெல்லிய சிவப்புக் குச்சிகள்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஸ்லைடில் தேய்ப்பது சுமார் 0.01 மில்லி சளி, அந்தப் பூச்சுக்குப் பெயர் ஸ்மியர். 1000 மடங்கில் பார்க்கும்போது ஒரு பார்வையில் தெரியும் வட்டம் அவ்வளவு சிறியது, முழு ஸ்மியரில் அப்படி ஏறத்தாழ 10,000 வட்டங்கள் இருக்கும். ஆய்வக நுட்புநர் பார்ப்பது 100 வட்டம், அதாவது நூற்றில் ஒரு பங்கு. ஒரு மில்லி சளியில் 10,000 கிருமிகள் இருந்தால் ஸ்லைடில் 100 வரும், அவர் பார்க்கும் பகுதியில் ஒன்று. அதையும் கண் களைத்திருக்கும் நேரத்தில் விடாமல் பிடிக்க வேண்டும். ஆரம்பக் கட்ட நோயாளிகளும், எச்ஐவியோடு காசநோயும் உள்ளவர்களும், குழந்தைகளும் சளிப் பரிசோதனையில் ‘இல்லை’ என்று வந்துவிடுவது இதனால்தான். கருவியோ ஆளோ மோசம் என்பதில்லை, அவர்கள் சளியில் கிருமியின் எண்ணிக்கை அந்த வரம்புக்குக் கீழே இருக்கிறது. மரபணுச் சோதனைகள் இப்போது முன்னுக்கு வந்திருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆனாலும் சிகிச்சை தொடங்கிய பிறகு நோயாளிக்குக் குணமாகிறதா என்று பார்க்க ஸ்மியர் இன்றும் வேண்டும், மரபணுச் சோதனைக்குச் செத்த கிருமியின் டிஎன்ஏகூடப் போதும் என்பதால் அது குழப்பிவிடும். சென்னை சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிட்டாலும் நோய் குணமாகும் என்று உலகத்துக்குக் காட்டிய ஆய்வில் நோயாளிகள் கிருமி இல்லாதவர்களாக மாறுவதை மாதாமாதம் பார்த்ததும் சளியில்தான், ஸ்மியராகவும் வளர்ப்பாகவும்.

இதே சோதனையில் சாயத்தை மட்டும் மாற்றினால் வேலை பாதியாகக் குறைகிறது. ஆரமைன் என்ற சாயம் நீல ஒளி பட்டால் மஞ்சள் பச்சையாக ஒளிரும். வங்கிக் கவுன்டரில் ரூபாய் நோட்டைப் புற ஊதா விளக்கில் காட்டும்போது எண்ணும் இழையும் பளிச்சென்று ஒளிர்வதைப் பார்த்திருப்பீர்கள், அதேதான். கருப்புப் பின்னணியில் ஒளிரும் குச்சியைக் கண்டுபிடிக்க 1000 மடங்கு வேண்டாம், 200 அல்லது 400 போதும், அப்போது ஒரு வட்டத்தில் பல மடங்கு பரப்பு தெரியும். அதாவது உருப்பெருக்கத்தைக் குறைத்தால் அதிகம் பிடிபடுகிறது. உலக சுகாதார நிறுவனம் எல்ஈடி விளக்கு வைத்த ஒளிரும் நுண்ணோக்கியைப் பரிந்துரைத்ததும் இதற்காகத்தான்.

ஆனால் இதுவரை சொன்ன எல்லாச் சாயங்களிலும் ஒரு பொதுவான விஷயம் உண்டு. ஸ்லைடைத் தீயில் காட்டிக் கிருமியைக் கொன்று ஒட்ட வைத்த பிறகுதான் சாயம். நாம் பார்ப்பது பிணத்தை. சில விஷயங்கள் உயிரோடு இருந்தால்தான் தெரியும். அல்ஜீரியாவில் கான்ஸ்டன்டின் நகர ராணுவ மருத்துவமனையில் 1880 நவம்பரில் லாவரான் என்ற மருத்துவர் மலேரியா நோயாளியின் ரத்தத்தைச் சாயம் போடாமல், எடுத்த சூட்டோடு பார்த்தார். அதில் ஓர் உருண்டையிலிருந்து சாட்டை போன்ற இழைகள் வெளிப்பட்டுத் துடித்தன. ஒட்டுண்ணியின் ஆண் வடிவம் ரத்தம் கொஞ்சம் குளிர்ந்ததும் இப்படிச் செய்யும், கொசுவின் வயிற்றில் நடக்க வேண்டியது ஸ்லைடில் நடந்தது. காய வைத்துச் சாயம் போட்டிருந்தால் அந்தத் துடிப்பு அவருக்குக் கிடைத்திருக்காது, இது உயிருள்ள ஒட்டுண்ணி என்ற நம்பிக்கையும் வந்திருக்காது.

உயிரோடு பார்க்க இரண்டு பெரிய வழிகள் உண்டு. முதலாவது டார்க் ஃபீல்டு, இருள்புலம். ஓட்டு வீட்டுக்குள் கூரை இடுக்கு வழியாக வெயில் ஒரு கோடாக விழும்போது அதில் தூசி மின்னி மின்னிப் பறப்பது தெரியும், பகல் வெளிச்சம் நிறைந்த திண்ணையில் அதே தூசி தெரியாது. டார்க் ஃபீல்டு நுண்ணோக்கியில் நேர் ஒளியை நடுவில் மறைத்துவிட்டுப் பக்கவாட்டிலிருந்து மட்டும் விடுவார்கள். கிருமி மேல் பட்டுச் சிதறும் ஒளி மட்டும் லென்ஸுக்கு வரும், கருப்பு வானத்தில் வெள்ளி இழை மாதிரி. நம் ஊரில் மழைக்காலத்தில் வயலில் இறங்குபவர்களுக்கு வரும் எலிக்காய்ச்சலின் கிருமி லெப்டோஸ்பைரா, தடிமன் சுமார் 0.1 மைக்ரான். அபேயின் எல்லைக்கும் கீழே! பிறகு எப்படித் தெரிகிறது என்று கேட்கலாம். நட்சத்திரமும் நம் கண்ணின் எல்லைக்குப் பல மடங்கு கீழே உள்ள புள்ளிதான், அதன் அகலத்தை அளக்க முடியாது, ஆனால் இருண்ட வானத்தில் அது இருப்பது தெரிகிறது. தெரிவது வேறு, பிரித்துக் காட்டுவது வேறு. எலிக்காய்ச்சலை உறுதி செய்யும் அடிப்படைச் சோதனை இன்றும் இந்த முறையில்தான் நடக்கிறது: உயிருள்ள லெப்டோஸ்பைராவோடு நோயாளியின் சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்த பிறகு மிஞ்சும் தெளிநீரை, கலந்து, இழைகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றனவா என்று டார்க் ஃபீல்டில் பார்ப்பார்கள்.

இரண்டாவது ஃபேஸ் கான்ட்ராஸ்ட். இது எனக்கு மிகப் பிடித்தது. செல்லுக்குள் போகும் ஒளி மங்குவதில்லை, ஆனால் வெளியே தண்ணீரில் போகும் ஒளியைவிடக் கொஞ்சம் பின்தங்கி வருகிறது, ஏறத்தாழக் கால் அலை அளவு. நம் கண்ணுக்கு வெளிச்சமும் நிறமும் தெரியும், இந்தப் பின்தங்கல் தெரியாது. நெதர்லாந்தில் கிரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் இருந்த இயற்பியலாளர் ஃப்ரிட்ஸ் ஸெர்னிகே, செல்லைத் தொடாமல் நேராக வரும் ஒளியையும் ஒரு வளையத் தகட்டின் மூலம் கால் அலை நகர்த்திவிட்டார். இப்போது இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, பின்தங்கல் இருளாக மாறிக் கண்ணுக்குத் தெரிந்தது. சாயம் இல்லை, கொல்லவில்லை, உயிருள்ள செல்லின் உட்கருவும் குரோமோசோமும் தெரிந்தன. 1932இல் இதை அவர் ஜெனாவில் ஸைஸ் நிறுவனத்துக்குக் கொண்டுபோனபோது, இதில் உபயோகம் இருந்தால் நாங்களே எப்போதோ கண்டுபிடித்திருப்போம் என்ற தொனியில் அங்கிருந்த மூத்தவர் ஒருவர் பதில் சொன்னதை ஸெர்னிகே தன் நோபல் உரையில் நினைவுகூர்ந்தார். அந்த நோபல் 1953இல் வந்தது. இன்று செல் வளர்க்கும் எந்த ஆய்வகத்திலும் காலையில் குடுவையை வைத்துப் பார்ப்பது இதில்தான். ஒரே குறை, செல்லைச் சுற்றி ஒரு வெள்ளை ஒளிவட்டம் விழும், தடிமனான திசுவில் அது எல்லாவற்றையும் குழப்பிவிடும்.

செல்லின் எல்லாப் பகுதியும் தெரிவது போதாது, இந்தப் புரதம் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும் என்றால் ஒளிரும் நுண்ணோக்கிக்குத் திரும்ப வேண்டும். 1962இல் ஒசாமு ஷிமோமுரா அமெரிக்காவின் மேற்குக் கடற்கரையில் ஃப்ரைடே ஹார்பரில் பிடித்த ஜெல்லி மீன்களிலிருந்து ஒரு பச்சை ஒளிர் புரதத்தைப் பிரித்தெடுத்தார். 30 ஆண்டுகள் கழித்து அதன் மரபணு கைக்கு வந்தது, 1994இல் மார்ட்டின் சால்ஃபி அந்த மரபணுவை வேறு உயிர்களுக்குள் வைத்தாலும் ஒளிர்கிறது என்று காட்டினார், ரோஜர் சியென் அதைப் பல நிறங்களாக்கினார். வெளியிலிருந்து சாயம் ஊற்ற வேண்டியதில்லை, செல்லே தனக்கு வேண்டிய புரதத்துக்கு விளக்கு மாட்டிக்கொள்கிறது. பாக்டீரியாவுக்குள் ஒழுங்கு எதுவும் இல்லை, அது நொதிகள் நிறைந்த ஒரு பைதான் என்ற பழைய எண்ணம் 1990களில் உடைந்ததில் இதற்குப் பெரிய பங்குண்டு. உயிருள்ள பாக்டீரியா இரண்டாகப் பிரியும் முன் நடுவில் ஒரு புரத வளையம் கட்டிக்கொள்வதைக் கண்ணால் பார்த்தார்கள். விலை என்னவென்றால், பிரகாசமான ஒளி செல்லைச் சுடும், ஒளிரும் மூலக்கூறும் கொஞ்ச நேரத்தில் அணைந்துபோகும். தடிமனான பொருளில் மேலும் கீழும் உள்ள ஒளியெல்லாம் கலந்து மூட்டமாகத் தெரியும் என்ற சிக்கலும் உண்டு, அதற்கு மார்வின் மின்ஸ்கி 1957இல் காப்புரிமை கேட்ட கன்ஃபோகல் வழி இருக்கிறது: ஒரு ஊசித்துளையை வைத்து, குவியத்தில் இல்லாத ஒளியை வடிகட்டிவிடுவது. பல்லில் படியும் கிருமிப் படலம் போன்றவற்றை அடுக்கடுக்காகப் பார்க்க அதை விட்டால் எளிய வழி இல்லை.

அப்புறம் அபேயின் எல்லைக்கே வருவோம். 120 ஆண்டுகள் அதை யாராலும் அசைக்க முடியவில்லை. 1994இல் ஃபின்லாந்தின் துர்க்குவில் இருந்த ஸ்டெஃபான் ஹெல் ஒரு வழி சொன்னார். கோலப்புள்ளி பரவுகிறதா, பரவட்டும், ஓரத்தை மட்டும் வளையமாகத் துடைத்துவிட்டால் நடுவில் சின்னப் புள்ளி நிற்கும். ஒரு லேசர் ஒளிர வைக்க, வளைய வடிவ இன்னொரு லேசர் ஓரத்தை அணைக்கும். எரிக் பெட்ஸிக் வேறு வழியில் போனார். எல்லாப் புள்ளியையும் ஒரே நேரத்தில் வைக்காதே, தள்ளித் தள்ளிச் சில புள்ளிகளை மட்டும் ஒளிர வை, பரவிய ஒவ்வொரு திட்டுக்கும் நடுமையம் எங்கே என்று கணக்கிட்டுக் குறித்துக்கொள், அணைத்துவிட்டு அடுத்த சிலவற்றை ஒளிர வை. ஆயிரக்கணக்கான முறை செய்து குறிப்புகளைச் சேர்த்தால் 20 நானோமீட்டர் அளவுக்குத் தெளிவு வரும். அப்போது அவருக்குப் பல்கலைக்கழக வேலை இல்லை, முதல் கருவியை நண்பர் ஹெரால்ட் ஹெஸ்ஸின் வீட்டு வரவேற்பறையில் இருவரும் சேர்ந்து கட்டினார்கள். 2014இல் ஹெல், பெட்ஸிக், இதே துறையில் உழைத்த மார்னர் மூவருக்கும் வேதியியல் நோபல். அபேயின் கணக்கு தப்பு என்று இதற்குப் பொருள் இல்லை, புள்ளி இன்றும் பரவத்தான் செய்கிறது. ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையை விட்டார்கள், நேரத்தைக் கொடுத்துத் தெளிவை வாங்கினார்கள்.

ஒளியையே விட்டுவிட்டால்? எலக்ட்ரானுக்கும் அலைநீளம் உண்டு, ஒரு லட்சம் வோல்ட்டில் முடுக்கினால் அது 0.004 நானோமீட்டருக்கும் குறைவு. 1931இல் பெர்லினில் எர்ன்ஸ்ட் ருஸ்காவும் மேக்ஸ் நோலும் காந்தச் சுருளை லென்ஸாக வைத்து முதல் கருவியைச் செய்தார்கள். அது எத்தனை மடங்கு பெரிதாக்கியது தெரியுமா? 17 சொச்சம். பள்ளிக்கூட நுண்ணோக்கியைவிடக் குறைவு. எலக்ட்ரானால் உருவம் வரைய முடியும் என்பதைத்தான் அது காட்டியது, இரண்டே ஆண்டில் ருஸ்கா ஒளியின் எல்லையைத் தாண்டிவிட்டார். எர்ன்ஸ்டின் தம்பி ஹெல்முட் மருத்துவர், இந்தக் கருவியில் வைரஸ்களைப் படமெடுத்த முதல் ஆட்களில் ஒருவர்.

ஆனால் இங்கே மூன்றாவது கேள்விக்கு விலை மிகக் கடுமை. எலக்ட்ரான் காற்றில் போகாது, ஆகவே உள்ளே வெற்றிடம், வெற்றிடத்தில் தண்ணீர் கொதித்து ஆவியாகிவிடும், ஆகவே செல்லில் தண்ணீர் இருக்கக் கூடாது. குளூட்டரால்டிஹைடு என்ற வேதிப்பொருளில் இறுக்கி, ஆஸ்மியம் என்ற கன உலோகத்தை ஊட்டி, ஆல்கஹாலில் தண்ணீரை வெளியேற்றி, பிசினில் பதித்து, வைரக் கத்தியால் 70 நானோமீட்டர் தடிமனுக்குச் சீவி, யுரேனியம், ஈயம் கலந்த உப்புகளைப் பூசிய பிறகுதான் படம். மேற்பரப்பைப் பார்க்கும் ஸ்கேனிங் வகைக்கு உலர்த்தித் தங்கம் பூச வேண்டும். இவ்வளவுக்குப் பிறகு நாம் பார்ப்பது செல்லையா, நாம் செய்த வேலையையா?

இது வெறும் தத்துவக் கேள்வி இல்லை. 1950களிலிருந்து பாக்டீரியாவின் எலக்ட்ரான் படங்களில் செல் சவ்வு உள்ளே மடிந்து ஒரு சுருளாக நிற்பது தெரிந்தது. மீசோசோம் என்று பெயர் வைத்தார்கள். சுவாசம் நடப்பது அங்கே என்றார்கள், டிஎன்ஏவைப் பிரிப்பது, குறுக்குச் சுவர் கட்டுவது என்று வேலைகளையும் ஒதுக்கினார்கள். பள்ளியில் பாக்டீரியா படம் வரைந்து மீசோசோம் என்று அம்புக்குறி போட்ட நினைவு நம்மில் பலருக்கு இருக்கும். 1970களில் வேதிப்பொருள் ஊற்றாமல் சட்டென்று உறைய வைத்துப் பார்த்தபோது அந்தச் சுருள்கள் இல்லை. இறுக்குவதற்கு ஊற்றிய மருந்துதான் சவ்வைச் சுருட்டியிருந்தது. தெளிவாக, திரும்பத் திரும்ப, உலகம் முழுக்க எல்லா ஆய்வகங்களிலும் தெரிந்த ஒன்று செல்லில் இல்லவே இல்லை. நுண்ணோக்கியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நான் இந்தக் கதையைச் சொல்லாமல் விடுவதில்லை.

நிறத்தையும் சொல்லிவிடுகிறேன். கொரோனா வைரஸ் என்றதும் சாம்பல் உருண்டையில் சிவப்பு முள் நினைவுக்கு வருகிறது, அது ஓவியர்கள் கணினியில் வரைந்தது. எலக்ட்ரான் படத்துக்கு நிறமே கிடையாது, கருப்பு வெள்ளைதான், வண்ணம் எல்லாம் பிறகு பூசுவது. இந்தியாவின் முதல் நோயாளி 2020 ஜனவரியில் கேரளத்தில் உறுதியானாரே, அவருடைய மாதிரியிலிருந்து புனேயில் உள்ள தேசிய வைராலஜி நிறுவனம் எடுத்து வெளியிட்ட படத்தைத் தேடிப் பாருங்கள், சாம்பல் நிறத்தில் சுமார் 75 நானோமீட்டர் உருண்டையும் சுற்றிலும் மங்கலான முடிச்சுகளும். உண்மையில் தெரிவது அவ்வளவுதான், அதுவே பெரிய விஷயம்.

உறைய வைப்பது என்றேனே, அதை முறையாகச் செய்ததுதான் கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கி. தண்ணீரை மெதுவாகக் குளிர வைத்தால் ஐஸ் படிகமாகிச் செல்லைக் கிழித்துவிடும். ஜெர்மனியின் ஹைடெல்பர்கில் ஜாக் துபோஷே 1980களின் தொடக்கத்தில், படிகமாக நேரமே கொடுக்காமல் தண்ணீரைக் கண்ணாடி போல உறைய வைக்கும் வழியைக் கண்டுபிடித்தார். மாதிரியை நேராகத் திரவ நைட்ரஜனில் போட்டால் நடக்காது. சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் துளி ஆவியாகாமல் உருண்டு ஓடுமே, அடியில் ஆவிப் படலம் உருவாகிச் சூட்டைத் தடுப்பதால். நைட்ரஜனிலும் மாதிரியைச் சுற்றி அதே மாதிரி வாயுப் படலம் வந்து குளிரைத் தடுக்கும். அதனால் நைட்ரஜனால் குளிர்வித்த திரவ ஈத்தேனில் முக்குவார்கள். சாயம் இல்லை, தண்ணீர் அப்படியே இருக்கிறது. எலக்ட்ரானை அதிகம் பாய்ச்சினால் மூலக்கூறு சிதையும், குறைவாகப் பாய்ச்சினால் படம் புள்ளி புள்ளியாக வரும், ஆகவே ஒரே மூலக்கூறின் பல்லாயிரம் மங்கல் படங்களைக் கணினியில் ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்தும் முறையை ஜோவாகிம் ஃப்ராங்க் உருவாக்கினார். துபோஷே, ஃப்ராங்க், இதே துறையின் முன்னோடி ரிச்சர்ட் ஹென்டர்சன் மூவரும் 2017இல் நோபல் பெற்றார்கள். ஹென்டர்சன் வேலை செய்த அதே கேம்பிரிட்ஜ் ஆய்வகத்தில்தான் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனும் வேலை செய்தார். செல்லுக்குள் புரதம் கட்டும் ரைபோசோமின் அமைப்புக்கு அவர் 2009இல் நோபல் வாங்கியது, மூலக்கூறுகளைப் படிகமாக்கி எக்ஸ் கதிர் பாய்ச்சிப் பார்க்கும் படிகவியலால், அதன் பிறகு அவருடைய குழுவும் கிரையோவுக்கு மாறியது, படிகமாக்க அடம்பிடிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் ரைபோசோமை அதில்தான் பார்த்தார்கள். 2020 ஜனவரியில் கொரோனாவின் மரபணு வரிசை வெளியானது, பிப்ரவரியிலேயே அதன் முள் புரதத்தின் அமைப்பு 3.5 ஆங்ஸ்ட்ராம், அதாவது 0.35 நானோமீட்டர் தெளிவில் வந்துவிட்டது, அதுவும் கிரையோவில்தான். ஆனால் உறைந்தது உறைந்ததுதான், அந்தப் புரதம் அடுத்த நொடி என்ன செய்திருக்கும் என்று அது காட்டாது.

கடைசியாக ஒரு சாதாரண நுண்ணோக்கி. எலக்ட்ரான் கருவி வந்து 50 ஆண்டு ஆகப்போகிற நேரம், 1979 ஜூன், ஆஸ்திரேலியாவின் பெர்த். வயிற்றுத் திசுவைப் பரிசோதிக்கும் மருத்துவர் ராபின் வாரன் வழக்கமான ஊதா சிவப்புச் சாயம் போட்ட ஒரு ஸ்லைடில், செல்களின் மேல் மங்கலான நீலக் கோடு மாதிரி ஒன்றைக் கவனித்தார். அமிலம் நிறைந்த வயிற்றில் பாக்டீரியா வாழாது என்பது அன்றைய பாடம். அவர் அதே திசுவில் இன்னொரு சீவலை எடுத்து வெள்ளிச் சாயம் போட்டார். வெள்ளி பாக்டீரியாவின் மேல் படிந்து அதைத் தடிமனாக்கிக் கருப்பாக்கும். கூட்டம் கூட்டமாக வளைந்த குச்சிகள். இன்று ஹெலிகோபாக்டர் பைலோரி என்று அழைக்கப்படும் அந்தக் கிருமிதான் வயிற்றுப் புண்ணுக்கு முக்கியக் காரணம் என்று அவரும் சக மருத்துவர் பாரி மார்ஷலும் நிறுவினார்கள், 2005இல் நோபல். சாயமும் பழையது, நுண்ணோக்கியும் எல்லா மருத்துவமனையிலும் இருப்பதுதான், அந்த நீலக் கோடு அதற்கு முன்பும் எத்தனையோ பேரின் ஸ்லைடில் இருந்திருக்கிறது.